பத்து சென்ட் காசும் வெள்ளிக் காலும்

அமெரிக்காவில் இருந்து வந்த அண்ணன் மகள் பர்ஸைக் கவிழ்த்தபோது ஒரு பொடிக்காசு உருண்டு வந்தது. நம்ம ஒரு ரூபாயை விடச் சின்னது. "இது என்னம்மா?" "டைம், சித்தப்பா." பதினொன்றரை என்றேன். சிரித்துவிட்டாள். காசின் பெயரே டைமாம், பத்து சென்ட். திருப்பிப் பார்த்தால் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட். அட, நம்ம ஆள்! அவருக்கு 39 வயதில் வந்த போலியோ எனக்கு இரண்டு வயதில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த முகம் டைமில் ஏறியதற்குக் காரணம் உண்டு. 1938-ல் இளம்பிள்ளை வாதத்தை, அதாவது போலியோவை, ஒழிக்க அவர் ஒரு நிதி அமைப்பைத் தொடங்கினார். ஆளுக்கொரு டைம் அனுப்பச் சொன்னதும் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் 26,80,000 காசுகள் வந்து குவிந்தன. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பல் கட்டும் தளம், விமானத் தொழிற்சாலை என்று ராப்பகலாக வேலை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் போர்ப் பத்திரத்துக்கு, அதாவது அரசுக்குக் கடனாக, கொடு என்று ஒரு பக்கம் நெருக்கடி. அதற்கு நடுவிலும், வசூல் மாதமான ஜனவரி வந்தால் உண்டியலில் டைம் விழுந்துகொண்டுதான் இருந்தது. தியேட்டரில் விளக்கைப் போட்டு டப்பாவைச் சுற்றுக்கு விடுவார்களாம். நம்ம ஊர் தியேட்டரில் விளக்கைப் போட்டால் முறுக்குத் தட்டுதான் வரும். அன்றைய டைம் நிஜ வெள்ளி வேறு.

1945 ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்தார். சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே தேதியில், சால்க் என்ற விஞ்ஞானியின் போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள். அந்த டப்பாக் காசில் வளர்ந்த ஆராய்ச்சி அது. பின்னால் வந்த, சேபின் என்ற இன்னொரு விஞ்ஞானியின் சொட்டு மருந்துக்கும் அதே நிதி உதவியிருக்கிறது.

எனக்குக் காய்ச்சல் வந்தது 1976-ல். தெருமுனை டாக்டர் ஒருவர் இடுப்பில் ஊசி போட்டார். மறுநாள் இடது கால் துவண்டுவிட்டது. ஊசிதான் கெடுத்தது என்று அம்மா கடைசிவரை சொன்னாள். கிருமி உள்ளே இருக்கும்போது தசையில் ஊசி குத்தினால் வாதம் அந்தப் பக்கமே இறங்குவது உண்டு என்று பெரியாஸ்பத்திரியிலும் சொன்னார்கள். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கினாள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், ஐந்து விரலுக்கும் கோடு கிழித்திருக்கும். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் மதுரை தெப்பக்குளம் மாரியம்மன் உண்டியலில் போட்டாள்.

நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்து சேர்ந்தது 1979-ல். மூன்று வருஷம்!

1995-லிருந்து சொட்டு மருந்து முகாமில் எனக்கு மை வைக்கும் வேலை. பிள்ளையின் இடது சுண்டுவிரலைப் பிடித்து நகத்தில் ஒரு புள்ளி. என் காலில் மாட்டியிருக்கும் காலிப்பர் என்ற தாங்கு கம்பியைப் பார்த்தால் சில அம்மாமார் தாங்களாகவே பிள்ளையின் வாயைத் திறந்துவிடுவார்கள். பேசவே வேண்டாம்.

அந்த டைம் இப்போது சிம்மக்கல்லில் என் ஜெராக்ஸ் கடைக் கல்லாவில் கிடக்கிறது. போன வாரம் மின்சாரம் போன நேரத்தில் ஒருத்தருக்குச் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். "அண்ணே, இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார்.