தன் சாற்றிலேயே வெந்த ஆப்பிள்

2024 ஜூலை 7, ஞாயிறு

வத்தலக்குண்டிலிருந்து அத்தை வந்து இன்றோடு ஐந்து நாளாகிறது. பல் செட் உடைந்து, புதியது கைக்கு வர இரண்டு வாரமாகும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் பழம் தின்னும் அவருடைய நெடுநாள் பழக்கம் நின்றுபோயிருக்கிறது. வாழைப்பழம் இருக்கிறதே என்றோம். பக்கத்து வீட்டில் கண்ணெதிரே ஆப்பிள் தொங்கும்போது வாழைப்பழம் தின்னவா மலையேறி வந்தேன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அடுப்பில்தான் பதில் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு மரம் பார்லின்ஸ் பியூட்டி. ஆப்பிள் மரம் உறக்கம் கலைந்து பூப்பதற்கு 7 டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் வேண்டும். வடக்கே கிடைக்கும் அந்த நீண்ட குளிர் பழனி மலையில் இல்லையாதலால், குறைந்த குளிரே போதும் என்கிற இதுபோன்ற இரகங்கள்தாம் கொடைக்கானலில் காய்க்கின்றன. அந்த மரத்துப் பழத்தில் காஷ்மீர்ப் பழத்தின் பளபளப்பைப் பார்க்க முடியாது. உருவம் சிறியது, நாக்கில் புளிப்பு முந்தும். சமைப்பதற்கு அந்தப் புளிப்பே வேண்டும் என்பது என் எண்ணம். கேட்டதும் இரண்டு கிலோ பறித்துக் கொடுத்தார்கள்.

சந்தையில் கிராம்பும் பட்டையும் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட தடித்த பட்டை பிரியாணிக்குச் சரி, இதற்கு அதன் காரம் மிகுதி. மெல்லிய ஏடுகளாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும் சுருள் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8, திங்கள்

நான்கு பழங்களைத் தோல் சீவி, ஒவ்வொன்றையும் எட்டுத் துண்டாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் பட்டை, கிராம்போடு பெரிய தீயில் கொதிக்கவிட்டேன். துண்டுகளின் விளிம்பெல்லாம் கரைந்து தண்ணீர் கஞ்சியாயிற்று. நடுப்பகுதியோ நறுக்கென்றே இருந்தது. "பழம்னா பழமா இருக்கணும்ப்பா. கூழு குடிக்கிறதுக்கு ஊர்லயே கம்பு இருக்கு" என்று அத்தை கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பிறகு தமக்கு வேண்டியதை அவரே தெளிவாகச் சொன்னார். துண்டு உடையாமல் கரண்டியில் ஏற வேண்டும். வாய்க்குள் போனதும், நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினால் நசுங்கிவிட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் தீயைக் கூட்டியதுதான் பிழை. நாங்கள் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் தீயைக் கூட்டினால் கொதி துள்ளுமே தவிரச் சூடு ஏறாது. துள்ளுகிற நீர் துண்டுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு ஓரங்களைத்தான் கரைக்கிறது. பருப்புக்குச் செய்வதுபோலக் குக்கரில் வைக்கலாமே என்று மாலையில் ஒரு விசில் மட்டும் விட்டுப் பார்த்தேன். திறந்தபோது துண்டு என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஜூலை 10, புதன்

இன்று தண்ணீரே ஊற்றவில்லை. நறுக்கிய துண்டுகளின்மேல் நாட்டுச்சர்க்கரையைத் தூவி அரை மணி நேரம் மூடி வைத்தேன். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்துக்கொள்ள, கிண்ணத்தின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சாறு நின்றது. பழம் வேக அதுவே போதும். பழத்தின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரையும்போதுதான் பழம் குழைகிறது என்பதையும், சர்க்கரைப் பாகு சூழ்ந்திருந்தால் அந்தக் கரைதல் மெதுவாகும் என்பதையும் படித்திருக்கிறேன். அது உண்மைதான், ஒரு துண்டும் உடையவில்லை.

ஆனால் வேகவும் இல்லை. நெய்யும் ஏலக்காயும் சேர்த்து நாற்பது நிமிடம் சிறுதீயில் வைத்தும் கரண்டியின் முனை உள்ளே இறங்க மறுத்தது. நறுக்கிய பழம் கறுக்காமலிருக்கத் தொடக்கத்திலேயே அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருந்தேன், அதுதான் காரணம். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்பதால் குழம்பில் காயை முதலில் வேகவைக்கிறோம். தினமும் குழம்பு வைக்கிற வீட்டில், பழத்துக்கும் அதே விதிதான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. இனிமேல் கறுக்காமலிருக்க, துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு அலசி எடுத்தால் போதும்.

அத்தை பாகை மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "பழனிக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த வாசனை பிடிபட்டது. நாட்டுச்சர்க்கரை, நெய், ஏலக்காய் மூன்றும் கூடினால் பஞ்சாமிர்தத்தின் மணம் வந்துவிடுகிறது. விருப்பாச்சி வாழைக்கு அது பெருமை, ஆனால் ஆப்பிளின் மெல்லிய மணம் அதற்குள் காணாமல் போகிறது. கீழ்மலைத் தோட்டத்திலிருந்து வந்த நல்ல ஏலக்காயை விட மனமில்லை என்றாலும் விட்டுவிடுகிறேன். அடுத்த முறை வெள்ளைச் சர்க்கரைதான்.

ஜூலை 13, சனி

காலையிலிருந்து சாரல். வெந்துவிட்டது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பழம் நான்கு, ஏறக்குறைய 600 கிராம். தோலும் விதையும் நீக்கி, அரை விரல் தடிப்பில் பிறை வடிவமாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். அடி கனத்த பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி நெய்யை உருக்கி, விரல் நீளப் பட்டையை இரண்டாக ஒடித்துப் போட்டு, மணம் எழுந்ததும் பழத்தைச் சாறோடு சேர்த்தேன். தீ மிகச் சிறிதாக இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதும். மூடி போட்டு இருபது நிமிடம். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. இடையில் இரண்டு முறை பாத்திரத்தின் காதைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினேன்.

இருபதாம் நிமிடத்தில் துண்டுகளின் வெண்மை மாறி, பழைய கண்ணாடி வளையலைப்போல ஒளி ஊடுருவும் நிறம் வந்தது. அப்போது மூடியை எடுத்துவிட்டுச் சாறு கரண்டியில் ஒட்டும் வரை சுண்டவிட்டு, இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்தேன்.

கிராம்புக்கும் ஒரு வழி கிடைத்தது. பல்லில்லாத வாயில் முழுக் கிராம்பு அகப்பட்டால் தொல்லை என்பதால், மூன்றையும் ஒரே துண்டில் வரிசையாகக் குத்திப் போட்டேன். பரிமாறும்போது அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டால் போதும்.

மாலையில் பேராசை. அத்தைக்குப் பால் பிடிக்குமே என்று சூடான பழத்தின்மேல் சூடான பாலை ஊற்றினேன். அடுத்த நொடியே திரிந்துவிட்டது. எலுமிச்சையைச் சேர்க்காமலிருந்தாலும் ஆப்பிளின் சொந்தப் புளிப்பே அந்தச் சூட்டில் பாலைத் திரித்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

மிச்சமிருந்த பழத்தில் நேற்றைய முறையையே திரும்பச் செய்தேன், எலுமிச்சை மட்டும் இல்லாமல். அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்தேன். பழத்தையும் தனியாக ஆறவிட்டு, சாப்பிட உட்கார்ந்த பிறகே இரண்டையும் கிண்ணத்தில் சேர்த்தேன். பால் திரியவில்லை.

அத்தை முதல் துண்டைக் கரண்டியில் ஏந்தி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டு உடையவில்லை. வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் ஒருமுறை குழிந்தது, அவ்வளவுதான், விழுங்கிவிட்டார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டை எடுத்தார். ஆறு துண்டு சாப்பிட்டார்.

பாத்திரத்தை ஒழிக்கும்போது கிராம்பு குத்திய துண்டைப் பார்த்தேன். அதில் இரண்டுதான் இருந்தன. பதறிப்போய் அத்தையின் கிண்ணத்தைத் துழாவினேன். அவர் வாயோரத்தில் ஒதுக்கி வைத்திருந்ததை நாக்கு நுனியில் காட்டிவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும்ப்பா, ஈறுக்கு நல்லது."