இங்கினியாகலை போகும் வழியில் ஒரு நியூயோர்க் கட்டடம்

மட்டக்களப்பிலிருந்து இங்கினியாகலை அணையைப் பார்க்க, கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலோரமாகவே போய், காரைதீவில் மேற்கே திரும்பினோம். சம்மாந்துறை தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்தான். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவன் என் மச்சான். நியூயோர்க்கில் மெக்கானிக்கல் பொறியியலாளர், லீவில் வந்திருந்தான்.

அணை, பட்டிப்பளை ஆற்றை இரண்டு குன்றுகளுக்கு நடுவே மறித்து நிற்கிறது. அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனி 1949 இல் தொடங்கிய வேலை. பின்னால் விரிந்து கிடக்கும் சேனாநாயக்க சமுத்திரம்தான் நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம். கீழே ஒரு சின்ன மின் நிலையம்.

"மண் அணை சிவில்காரர்ட வேலை, டர்பைன் எங்கட வேலை, மிச்சம் கரண்ட்காரர்ட. ஆனா சங்கம் எண்டு வந்தா ஆளுக்கொரு பக்கம்" என்றான் மச்சான். அங்கிருந்துதான் நியூயோர்க்கின் 39ஆம் தெருக் கதைக்குப் போனான்.

மன்ஹாட்டனில் மேற்கு 39ஆம் தெருவில் 1907 இல் திறந்த உயரமான கட்டடம். மின், இயந்திர, சுரங்கப் பொறியியலாளர் சங்கங்கள் மூன்றுக்கும் அதுதான் தலைமையகம். உருக்கு வியாபாரத்தில் பணம் குவித்த ஆண்ட்ரூ கார்னகி 15 இலட்சம் டொலர் கொடுத்தார். நிலத்தைச் சங்கங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய மண்டபம், எல்லாருக்கும் பொதுவான நூலகம், பின்பக்கம் 40ஆம் தெருவில் அதே பணத்தில் ஒரு பொறியியலாளர் கிளப்.

சிவில்காரர் மட்டும் வரவில்லை. 1852 இல் தொடங்கிய மூத்த சங்கம். 57ஆம் தெருவில் சொந்த வீடும் இருந்தது. பத்து வருடம் போல வீம்பு பிடித்துவிட்டு அவர்களும் வர, மேலே இன்னும் தளங்கள் எழுப்ப வேண்டியதாயிற்று. மச்சானுக்கு இதைச் சொல்வதில் தனிச் சந்தோசம், நான் சிவில் என்பதால்.

விடுவேனா! இலங்கையில் 1906 இலேயே எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே சங்கம் தொடங்கிவிட்டார்கள், கோடீஸ்வரர் யாரும் வந்து கூரை போட்டுத் தர வேண்டியிருக்கவில்லை என்றேன். "ஆட்கள் குறைவு, அதான்" என்றான். அதிலும் உண்மை இருக்கிறது.

1961 இல் அந்த நியூயோர்க் சங்கங்கள் ஐ.நா. தலைமையகத்துக்கு எதிரே புதிய கட்டடத்துக்கு மாறின. பிறகு அதையும் விற்றார்கள். அந்த நிலத்தில் இப்போது ட்ரம்பின் அடுக்குமாடி. நூலகம் 1995 இல் கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. அலுவலகத்தை எங்கேயும் வைக்கலாம். நாலு துறைப் புத்தகமும் ஒரே தட்டில் இருக்கும் இடம் அப்படியில்லை. 39ஆம் தெருக் கட்டடம் இன்னும் நிற்கிறதாம், வேறு யார் யாரோ வாடகைக்கு இருக்கிறார்களாம்.

அப்புறம், இங்கினியாகலை போகிறவர்கள் பொழுது சாய முன்னம் அம்பாறைக்குத் திரும்பிவிடுங்கள். அந்தப் பாதையில் யானை வரும்.