பத்து கிராம் காவலாளி

கடந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஈரோட்டிலிருந்து கோவைக்குக் கிளம்பும் நேரத்தில், டயர்களின் காற்றழுத்தத்தைக் காட்ட என் பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சிறு திரை பின்சக்கரத்துக்கு 27 என்று காட்டியது. காற்று அங்கே 32 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். முந்தைய வாரம் 30, அதற்கு முன்பு 31 என்று அந்த எண் மெல்ல இறங்கி வந்ததை நான் கவனித்தே இருந்தேன். ஆணி ஏதோ ஏறியிருக்கிறது என்ற முடிவோடு பங்கில் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டேன். ஓட ஓட டயர் சூடாகி எண் ஏற வேண்டும். ஆனால் பெருந்துறையை நெருங்குவதற்குள் அது 28க்கு இறங்கிவிட்டது.

சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை. வால்வின் முனையில் இருந்த, காற்றழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் சென்சாரைக் கழற்றிவிட்டு, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்த்தார்; அங்கும் ஒன்றுமில்லை. பிறகு வால்வுத் தண்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் வளைத்துப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் தண்ணீர் விட்டதும், பொசுபொசுவென்று நுரை கிளம்பியது. “ஆணியெல்லாம் இல்ல தம்பி. இந்தக் குண்டு மூடிதான் வால்வை ஆட்டி ஆட்டிக் கிழிச்சிருக்கு” என்றார். காற்று குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்று நான் காசு கொடுத்து வாங்கி மாட்டிய கருவியே காற்றை இறக்கியிருக்கிறது. அதை ஒளிக்காமல் தானே சொல்லியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடி போலத் திருகி மாட்டும் அந்தச் சென்சாரின் எடை ஏறத்தாழ 10 கிராம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அந்தப் பத்து கிராம், அப்போது ஒன்றே முக்கால் கிலோ எடையைப் போல வெளிப்பக்கமாக இழுக்கிறது. சாய்ந்து நிற்கும் ரப்பர் வால்வுத் தண்டு ஒவ்வொரு பயணத்திலும் இப்படி வளைந்து நிமிர்ந்தால், அடியில் வெடிப்பு விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உலோக வால்வு பொருத்திய சக்கரத்தில்தான் இந்த வகைச் சென்சாரை மாட்ட வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. இதில் இன்னொரு பலவீனமும் உண்டு. சென்சாருக்குள் இருக்கும் ஊசி வால்வின் உள்பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், மூடியின் ரப்பர் வளையம் ஒன்றுதான் காற்றைத் தடுத்து நிற்கிறது. ரிம்முக்குள்ளே, வால்வின் அடியில் பொருத்தும் சென்சாருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை; ஆனால் அதை மாட்ட டயரைக் கழற்ற வேண்டும், சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும்.

இந்த எச்சரிக்கை முறையைச் சட்டம் முதலில் கார்களுக்காகத்தான் யோசித்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்துக்குப் பிறகு அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்தக் கருவி கட்டாயமாயிற்று. குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த விதி. மோட்டார் சைக்கிள் அதில் சேரவில்லை. நம் நாட்டிலோ 2020இல் விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் போடும் பெட்டியும் இந்த எச்சரிக்கைக் கருவியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்றார்கள். என்றைக்குமே ஸ்டெப்னி இல்லாமல் ஓடும் பைக்கைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அந்த 25 சதவீதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். என் கருவியும் அதே அளவில்தான் வைக்கப்பட்டு வந்தது. அதாவது 32 என்பது 24க்கு இறங்கிய பிறகே அலறும். நான்கு சக்கரத்தில் நிற்கும் காருக்கு அது போதுமாக இருக்கலாம். பைக்கிலோ ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ உள்ளங்கை அகலத்தில்தான் சாலையைத் தொடுகிறது. முன்சக்கரத்தில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனத்து, வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பின்சக்கரத்தில் குறைந்தால் இடுப்புக்குக் கீழே வண்டி நெளியும், பின்னால் ஆள் இருந்தால் இன்னும் அதிகமாக நெளியும். இவற்றையெல்லாம் உடம்பு உணர்ந்த பிறகு அலறுகிற கருவியால் யாருக்கு என்ன லாபம்? அன்று காலை 27 காட்டியபோதும் அது அலறவில்லை. நாளுக்கு நாள் இறங்கிய எண்தான் எனக்குச் சேதி சொன்னது. ஆகவே இப்போது பின்சக்கரத்தின் எச்சரிக்கை அளவை 28க்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, கிளம்புமுன் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ஓட்டும்போது அடிக்கடி பார்ப்பதில்லை. சாலையை விட்டுத் திரையைப் பார்ப்பது வேறு விதமான விபத்துக்கு வழி.

இந்த உதவியும் டியூப்லெஸ் டயருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். அதில் ஆணி ஏறினாலும் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் கசியும், எச்சரிக்க அவகாசம் உண்டு. கம்பிச் சக்கரத்தின் டியூபில் ஓட்டை விழுந்தால் காற்று ஆரக்கம்பித் துளைகள் வழியாகவும் வெளியேறிவிடும். கருவி கத்தும்போது நீங்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதை ஊட்டி கற்றுக்கொடுத்தது. மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயிலில் காற்றடித்துக்கொண்டு ஏறினேன். மறுநாள் விடியற்காலைக் குளிரில் திரை பின்சக்கரத்துக்கு 28 காட்டியது. பயந்துபோய், கையால் வால்வில் வைத்து அழுத்தம் பார்க்கும் பென்சில் கேஜை வைத்துப் பார்த்தால், அசையாமல் 32. காரணம் சுவையானது. வெப்பம் 18 டிகிரி குறைந்தால் இந்த அழுத்தத்தில் இரண்டரை பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டும் கேஜில் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. பல சென்சார்கள் டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அளந்து, அதில் கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. அவற்றுக்குக் குளிர் தெரியும், மலை தெரியாது. பி.எம்.டபிள்யூ. பைக்குகளில் வரும் கருவி, டயரின் வெப்பத்தைக் கணக்கில் கொண்டு 20 டிகிரிக்கு மாற்றிய எண்ணைக் காட்டுகிறது. என்னுடைய மலிவான கருவியிடம் அந்த நயத்தை எதிர்பார்க்க முடியாது.

பெருந்துறைக் கடைக்காரர் அன்று ரப்பர் வால்வு ஒன்றை மாட்டி, மூடியை என் சட்டைப்பையில் போடச் சொல்லி அனுப்பினார். மறுவாரம் இரண்டு சக்கரங்களிலும் உலோக வால்வு போட்டு, சென்சார்களை மீண்டும் திருகினேன். பென்சில் கேஜ் டேங்க் பையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நேற்றுக் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, கேஜில் முன் 25, பின் 32. திரையில் 24, 31. அந்த ஒரு பி.எஸ்.ஐ. மட்டும் வாங்கிய நாளிலிருந்தே குறைவாகத்தான் காட்டுகிறது.