உதுக்கு இங்கிலீஷ் என்ன?

2025 மே 5, திங்கள்

கடைக்குக் கொடுத்துவிட்ட துண்டில் வீட்டுக்கார அம்மா 'ரின் மீன் 1' என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் ரின் என்றால் துணி சோப்பு. இங்கே அந்தப் பெயரில் ஒரு மீன் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் எழுத்து மாறாமல் "ரின் மீன் ஒன்று" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் தகர டப்பாவில் அடைத்த மீனை எடுத்து வைத்தார். டின் மீன்!

மார்ச்சில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கினேன். கிளிநொச்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. இன்னும் இந்த ர-வில்தான் தடுக்கி விழுகிறேன். ஆங்கிலச் சொல் டி-யில் தொடங்கினால் இங்கே ர போட்டு எழுதுகிறார்கள். டாஃபி 'ரொபி'. டயர் 'ரயர்'. நான் 'ரீச்சர்'. முதல் வாரம் ஒரு பையன் தன் மாமா இருக்கும் டொராண்டோவைக் கொப்பியில் 'ரொறொன்ரோ' என்று எழுதியிருந்தான். நான் அதை அப்படியே உருட்டி வாசித்ததும் வகுப்பே மேசையில் கவிழ்ந்து சிரித்தது.

சிரிப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 'காற்று', 'வெற்றி' என்று அவர்கள் சொல்லும்போது அந்த ற்ற, மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாகிற இடத்தில் நாக்கு தட்டிப் பிறக்கிறது. ஆங்கிலத்தின் டி-யும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. நானோ திருநெல்வேலி நாக்கை வளைத்து அண்ணத்தில் ஒட்டி 'டேபிள்' என்கிறேன். இன்று ஒரு பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னபோது, லண்டன் வானொலியில் செய்தி வாசிப்பவர் சொல்வதுபோல இருந்தது. இரவு கண்ணாடி முன்னால் நின்று நானும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வகுப்பு இல்லை. வீட்டுக்கார அம்மா காலையிலேயே வெளிக்கிட்டுப் போய் வாக்களித்துவிட்டு வந்தார். வீட்டில் வாக்கு இல்லாத ஒரே ஆள் நான். துணி துவைத்தேன்.

மே 9, வெள்ளி

எங்கள் கல்வி நிலையம் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பெரிய பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு. சனி, ஞாயிறும் உண்டு. வெள்ளிக்கிழமை சின்னவர்கள். 'வெளிநாட்டு இங்கிலீஷ் ரீச்சர்' வருகிறார் என்று சொல்லி வைத்திருந்தார்களாம். முதல் நாள் என்னைப் பார்த்ததும் ஒரு தாய் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்: "வெள்ளைக்காரி எண்டெல்லோ நினைச்சம்!"

இன்று சின்னவர்களுக்கு 'திஸ்', 'தட்' நடத்தினேன். கையில் இருப்பது திஸ், தூரத்தில் இருப்பது தட். பேனையைத் தூக்கிக் காட்டினேன், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பனையைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் முடிகிற பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ரீச்சர், உதுக்கு இங்கிலீஷ் என்ன?"

"எதுக்கு?"

"உதுக்கு."

அவன் என் கையிலிருந்த பேனையைத்தான் காட்டுகிறான். திஸ் என்றேன். அவன் ஒப்பவில்லை. "திஸ் எண்டா இது. நான் உதைக் கேக்கிறன்." பக்கத்துப் பெண் பிள்ளை என்மேல் இரக்கப்பட்டு எழுந்து விளக்கினாள்: "என்னட்ட கிடக்கிறது இது. உங்களிட்ட கிடக்கிறது உது. ரெண்டு பேருக்கும் தள்ளிக் கிடக்கிறது அது."

கல்லூரியில் தொல்காப்பியம் படித்தபோது அ, இ, உ மூன்றும் சுட்டு என்று மனப்பாடம் செய்தது நினைவு வந்தது. உ-வுக்கு எங்கள் பேச்சில் ஓர் எடுத்துக்காட்டும் கிடைக்காமல், பரீட்சைக்காகக் குருட்டுப் பாடமாக ஒப்பித்த வரி. இங்கே ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பேனையில் வைத்துக் காட்டுகிறாள். உது, உவன், உங்கை என்று முழுக் குடும்பமும் உயிரோடு இருக்கிறது.

சரி, கேள்விக்குப் பதில்? ஆங்கிலத்தில் உதுவுக்குத் தனிச் சொல் இல்லை, அதுவும் உதுவும் சேர்ந்து தட்-டுக்குள் போய்விட்டன என்றேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "பாவம்" என்றான். ஆங்கிலேயரையா என்னையா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மே 10, சனி

பெரிய பையன்கள் மூன்று பேர் வரவில்லை. சிறுபோக நெல் வயலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்கள். வந்தவர்களிடம் "இனி இங்கிலீஷில்தான் பேசணும்" என்றேன். "ஆரை ரீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. உரையாடுவது என்றால் கதைப்பது. தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள், குரங்குகள்.

மே 14, புதன்

இன்று படிவம் நிரப்பும் பயிற்சி. பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், நிரந்தர முகவரி. பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் பயன்படும் என்று நானே தேர்ந்தெடுத்தது. வகுப்பில் இருப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள். கழித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஒரு பெண் படிவத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்தாள். பிறந்த தேதி, 2009 மார்ச். இடத்துக்கு நேரே வெறுமை.

"அம்மா சொன்னவ பங்கருக்குள்ள எண்டு. சேர்டிபிக்கற்றில வேற இடம் கிடக்கு. எதை எழுதுறது ரீச்சர்?"

சான்றிதழில் உள்ளதை எழுதச் சொன்னேன். அலுவலகப் படிவத்துக்கு அதுதான் சரி. அவளும் தலையாட்டிவிட்டுப் போய் எழுதினாள். அழவும் இல்லை, என்னிடம் ஆறுதல் எதிர்பார்க்கவும் இல்லை. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பது மட்டுமே அவளுடைய கேள்வி. சுற்றிப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் அந்த வரியை விட்டுவிட்டுக் கீழே போயிருந்தார்கள்.

அப்புறம் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னதில் எல்லோரும் 'ஐ பார்ன்' என்று எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் எங்கேயும் செய்கிற பிழை. நாம் 'பிறந்தேன்' என்கிறோம், நாமே செய்த காரியம் போல. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வினை, 'ஐ வாஸ் பார்ன்', யாரோ உன்னைப் பெற்றார்கள் என்று விளக்கினேன்.

"ஓம், அம்மாதானே பெத்தவ" என்றாள் அதே பெண், 'வாஸ்' சேர்த்து எழுதிக்கொண்டே.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அம்மா கஞ்சி காய்ச்சினார். அரிசி, தண்ணீர், உப்பு, வேறெதுவும் இல்லை. சிரட்டையில் தந்தார். தேங்காய்ப்பால் சேர்ப்பதில்லையா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு குடித்தேன்.

மே 27, செவ்வாய்

விசா வேலையாகக் கொழும்பு போய், இரவு பஸ்ஸில் விடியப்புறம் திரும்பினேன். தூங்கலாம் என்று படுத்தால் பாண், அதாவது பிரெட், விற்கிற ஓட்டோ பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. அந்த மெட்டு எந்தச் சங்கீத மேதையுடையதாக இருந்தாலும் இனி எனக்கு அது மாலுபணிஸ் என்கிற மீன் பன்தான்.

அம்மா கதவைத் தட்டி, "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டு ஆறுதலாப் படு" என்றார். இங்கே ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். வந்த புதிதில், என் சோகம் எதையோ கண்டுபிடித்துவிட்டுத்தான் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 7, சனி

அம்மாவோடு முறிகண்டிப் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். ஏ9-இல் போகிற வாகனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கின்றன. வறுத்த கச்சான், நம்ம வேர்க்கடலைதான், வாங்கினோம். வழியில் பாலைப்பழமும் கிடைத்தது. ருசியில் மயங்கிக் கைநிறையத் தின்றேன். பால் ஒட்டி உதடு இரண்டும் பசை போட்டதுபோல ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அம்மா போன். வாயைத் திறக்க முடியாமல் 'ஓம், ஓம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னடி ஓம், மந்திரமா சொல்லுத?" என்று வைத்துவிட்டாள்.

வந்து சின்னவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு படம்: சிறுவன் எதிரே நிற்கும் சிறுமியின் கையிலுள்ள புத்தகத்தைக் காட்டுகிறான். திஸ்-ஸா தட்-டா? முன்வரிசைப் பையன் 'தட்' என்று சரியாக எழுதி, பக்கத்திலேயே பென்சிலால் 'உது' என்றும் எழுதியிருந்தான். ஒரு மதிப்பெண். இன்னும் பதினேழு தாள் இருக்கிறது, மின்விசிறி வேறு நின்றுவிட்டது.