மேலாண்மை நேர்முகத் தேர்வுக்கான பொது வாசிப்பு: இரண்டாம் ஆண்டில் நான் படித்த முறை

மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில், முதல் ஆண்டு என்னைத் தடுமாற வைத்தது மிக எளிய ஒரு கேள்வி. அண்மையில் படித்த வணிக நூல் எது என்று கேட்டார்கள். ஜிம் காலின்ஸ் எழுதிய ‘குட் டு கிரேட்’ என்றேன். 1,435 நிறுவனங்களை வடிகட்டி 11 நிறுவனங்களை அந்நூல் தேர்ந்தெடுத்ததையும், அவற்றின் தலைவர்களிடம் அடக்கமும் விடாப்பிடியும் ஒருசேர இருந்ததாக அது கூறுவதையும் தங்குதடையின்றி ஒப்பித்தேன். தேர்வாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த 11 நிறுவனங்களும் பிற்பாடு என்ன ஆயின?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நூல் வெளிவந்தது 2001இல். அதில் இடம்பெற்ற, மின்னணுப் பொருள்கள் விற்ற சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்து, அடுத்த ஆண்டே தன் கடைகளை மூடிவிட்டது. வீட்டுக்கடன் நிதி நிறுவனமான ஃபேனி மே அதே 2008இல் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது. இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஓராண்டில் வணிகம், தலைமைப்பண்பு, ஊடகம், உளவியல், அறிவியல் ஆகிய ஐந்து துறைகளிலும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் நூல்களை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்க்கும்போதே, அது அவருக்கு எப்படித் தெரிய வந்தது என்றும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்காகக் கோடு போட்ட ஒரு குறிப்பேட்டில், இடப்பக்கம் கருத்துக்கும் வலப்பக்கம் அதன் சான்றுக்கும் என்று ஒதுக்கினேன். முதல் வாரத்தில் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் பத்து வரிக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. என் பழைய வாசிப்பு எவ்வளவு மேலோட்டமானது என்பதை அந்த வெற்றுத்தாள்தான் எனக்குக் காட்டியது.

எந்தத் துறையில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, அறிவியலில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை சில பக்கங்களே கொண்டது. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். போர்க்காலத்தில் விமானங்கள் சரக்கோடு வந்திறங்கியதைக் கண்ட தீவு மக்கள், போர் முடிந்தபின் ஓடுபாதை போன்ற ஒன்றை அமைத்து, அதன் ஓரங்களில் தீ மூட்டி, மரக்குடிசைக்குள் ஒருவரை உட்கார வைத்து, அவர் தலையில் ஹெட்ஃபோன் போல இரண்டு மரத்துண்டுகளை மாட்டிவிட்டுக் காத்திருந்ததை அவர் அதில் விவரிக்கிறார். எல்லாம் அச்சு அசலாக இருந்தும் விமானம் மட்டும் வரவில்லை. தம் முடிவு எந்தெந்த வகையில் தவறாக இருக்கக்கூடும் என்பதை ஆய்வாளரே முன்வந்து சொல்ல வேண்டும் என்று அவர் வற்புறுத்துவதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மற்ற நான்கு துறை நூல்களையும் படிக்கும் கண்ணே மாறிவிடும்.

அடுத்து உளவியல். உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ 2011இல் வெளிவந்தது. இத்தேர்வுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். ஆனால் நம்மை அறியாமலே ஒரு சொல் நம் நடத்தையை மாற்றிவிடும் என்று கூறும் ஆய்வுகளை விவரிக்கும் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். போதிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்யப்படாத ஆய்வுகளின்மீது தாம் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டதாகக் கானமனே 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 100 உளவியல் ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்த ஒரு பெரிய கூட்டு முயற்சியில், புள்ளியியல் அளவில் உறுதியான முடிவு மீண்டும் கிடைத்தது ஏறத்தாழ 36 விழுக்காட்டு ஆய்வுகளில்தான். இதனால் அந்த நூலின் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. நோபல் பரிசு பெற்ற ஒருவர் தாம் எழுதியதைத் தாமே திருத்திக்கொண்டார் என்பது என் வலப்பக்கக் குறிப்புகளிலேயே நான் மிகவும் போற்றும் வரி.

இந்த இரண்டையும் முடித்தபின்தான் வணிக நூல்களுக்குத் திரும்பினேன். இம்முறை ‘குட் டு கிரேட்’ நூலோடு ஃபில் ரோசன்ஸ்வைக் 2007இல் எழுதிய ‘தி ஹேலோ எஃபெக்ட்’ நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 1920இல் எட்வர்டு தார்ண்டைக் என்ற உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களை மதிப்பிட்ட விதத்தை ஆராய்ந்தபோது, ஒருவரை அறிவாளி என்று கருதிய அதிகாரி அவரது உடற்கட்டையும் குணத்தையும் தலைமைப்பண்பையும்கூட உயர்வாகவே மதிப்பிட்டிருப்பதைக் கண்டார். நூலின் தலைப்பு குறிப்பதும் இந்தப் போக்கைத்தான். நிறுவனங்களின் விஷயத்திலும் இதுவே நடக்கிறது என்பது ரோசன்ஸ்வைக்கின் வாதம்: இலாபம் ஏறும்போது தலைவர் தொலைநோக்குடையவர், இலாபம் சரிந்தால் அதே தலைவர் பிடிவாதக்காரர். அப்படி எழுதப்பட்ட பத்திரிகைச் செய்திகளையும் நேர்காணல்களையும் சான்றாகக் கொண்டு வெற்றியின் காரணத்தைத் தேடினால், கிடைப்பது வெற்றியின் நிழலாகத்தான் இருக்கும். இரண்டு நூல்களையும் இப்படி எதிரெதிரே வைத்துப் படித்த மூன்று வாரங்கள், அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் படித்ததைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தன. ஒரு வணிக நூலைப் படித்தால் அதை மறுக்கும் இன்னொன்றையும் படித்தே தீருங்கள்.

தலைமைப்பண்பு பற்றிய நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும். நான் முழுமையாகப் படிக்கச் சொல்வது மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1973இல் வெளியிட்ட ‘தி நேச்சர் ஆஃப் மேனேஜீரியல் வொர்க்’. ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுபவையாக இருந்தன. அமர்ந்து ஆழ்ந்து திட்டமிடும் தலைவர் என்ற சித்திரத்தை இந்த ஒரு கணக்கே அசைத்துவிடுகிறது. ஐந்து பேரை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம் என்ற கேள்வியையும் வலப்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஊடகத்துக்கு அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மனின் ‘பப்ளிக் ஒபினியன்’ முதல் அத்தியாயம் போதும். நேரம் இருந்தால் மீதியையும் படிக்கலாம். அந்த அத்தியாயம் ஒரு தீவில் தொடங்குகிறது: 1914இல், தந்தித் தொடர்பில்லாத அத்தீவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் சேர்ந்து வாழ்கிறார்கள். அறுபது நாளுக்கு ஒருமுறைதான் அஞ்சல் கப்பல் வரும். அது வந்தபோதுதான், தங்கள் நாடுகள் ஆறு வாரங்களுக்கும் மேலாகப் போரில் இருப்பது அவர்களுக்குத் தெரிகிறது. 1922இல் வெளிவந்த நூல் அது. நம் நடத்தையைத் தீர்மானிப்பது நம் தலைக்குள் இருக்கும் சித்திரமே என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

படித்ததை நினைவில் நிறுத்துவது தனி வேலை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். அடிக்கோடிடுவதை அன்றோடு நிறுத்தினேன். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை வெறுந்தாளில் எழுதி, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்த்தேன்; ஒரு வாரம் கழித்து அதையே மறுபடியும் செய்தேன்.

தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் புதிய நூல் எதையும் தொடாதீர்கள். குறிப்பேட்டின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வலப்பக்கச் சான்றை மட்டும் பார்த்து, அதிலிருந்து என்ன கருத்து பெறப்பட்டது, அதற்கு அந்தச் சான்று போதுமா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வலப்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கும் கருத்தை நேர்முகத்தில் நீங்களாக எடுக்க வேண்டாம். தேர்வாளர் எடுத்தால், அதற்கான ஆதாரத்தைத் தேடியும் கிடைக்கவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு நான் இரண்டு முறை அப்படிச் சொன்னேன். எந்த நூல்களில் தேடினீர்கள் என்று கேட்டார்கள், பேச்சு அங்கிருந்து வெகுநேரம் தொடர்ந்தது.