நெட் தேர்வும் சீர்காழிக்காரரும்
நூலக அறிவியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களே, முதல் தாளுக்குப் பயந்து இரண்டாம் தாளைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். அதில்தான் 100 கேள்வி, 200 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதும் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

ஆண்டுகளை மாற்றிப் போட்டுத்தான் குழப்புவார்கள். நூல்களை வகைப்படுத்தும் டூயியின் தசமப் பகுப்பு 1876, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் 1931, நூல்களை வகைப்படுத்த அவரே உருவாக்கிய கோலன் பகுப்பு 1933, சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948. (சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் என்ற கணக்கு வாத்தியார் நம்மை இப்படிப் படுத்துவார் என்று யார் கண்டது!)

ஒரு தலைப்பை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாகப் பிரிக்கும் ரங்கநாதனின் பி.எம்.இ.எஸ்.டி.யை வெறுமனே மனப்பாடம் செய்யாமல், தலைப்புகளைப் பிரித்துப் பழகுங்கள். 'தமிழ்நாட்டில் நெற்பயிர் நோய்த் தடுப்பு' என்று ஒன்றை எடுங்கள். நெல்லும் தமிழ்நாடும் உடனே இடம் பிடித்துவிடும். 'நோய்' எங்கே போகும் என்பதில்தான் தலை சுற்றும்.