பர்மாவில் கொடுப்பவர்தான் கும்பிடுகிறார்

பர்மாவின் பெரிய நகரமான யாங்கோன் தெருக்களில் நடந்தால் எங்கு பார்த்தாலும் தண்ணீர்ப் பானைகள். ஒரு மரத்தடியிலோ வீட்டு வாசலிலோ இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, மேலே சின்னதாக ஒரு கூரை, அதற்குள் இரண்டு மூன்று மண்பானைகள், மூடியின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு குவளை. யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தலையில் கூடையோடு பழம் விற்கப் போகும் பெண்கள் என்று எல்லாரும் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் துவாண்டே என்ற ஊர் மண்பானைக்குப் பேர்போனது. சில மேடைகளில் பர்மிய எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும், பெரும்பாலும் இறந்துபோன அம்மா அல்லது அப்பாவின் நினைவாக வைத்தது.

நம் ஊரிலும் சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர்ப் பந்தல் எல்லாம் வைக்கிறோம், நல்ல வழக்கம்தான், ஆனால் மழை வந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். அங்கே வருஷம் முழுக்கப் பானை இருக்கிறது. வைத்துவிட்டுப் போவது பெரிய காரியமில்லை, தினமும் காலையில் கழுவி நிரப்புவதுதான் காரியம், அதை அந்தந்த வீட்டில் யாரோ ஒருவர் சலிக்காமல் செய்துகொண்டிருக்கிறார். நான் மூடியைத் திறந்து பார்த்த எந்தப் பானையும் காலியாக இல்லை.

நானும் என் கணவரும் 2019 கடைசியில் போனோம். பகோடா என்கிற புத்தக் கோயில்களைப் பார்க்கத்தான் போனோம், பார்த்தோம், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது அங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

டீக்கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிற பையனைப் பாருங்கள். வலது கையால் நோட்டை நீட்டும்போது இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்குக் கொடுத்தாலும் வாங்கினாலும் இப்படித்தான். பஸ்ஸிலும் சந்தையிலும் கவனித்துப் பார்த்தேன், அவசரத்தில்கூட அந்த இடது கை தானாக எழுந்து வந்துவிடுகிறது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடக்க வேண்டுமென்றால் முதுகை நன்றாக வளைத்துக் குனிந்து போகிறார்கள். ஒருவர் தலையைத் தொடக்கூடாது, புத்தர் சிலை பக்கம் காலை நீட்டக்கூடாது. வழியில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள், அதைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. டீக்கடை மேஜையில் ஒரு பிளாஸ்கில் பால் கலக்காத பச்சைத் தேநீர் எப்போதும் இருக்கும், அதற்குக் காசு கிடையாது, ஒரு டீ வாங்கிவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பரிமாறும் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்புகிறார்கள். அது மட்டும் கடைசிவரை எனக்கு வரவே இல்லை, கையை உயர்த்தியே சமாளித்தேன். அந்தப் பையன்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள், அது பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாண்டலேயில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில் தங்கியிருந்தோம். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், விடியுமுன்னே சமையலறையில் விளக்கு எரியும். வடித்த சோற்றில் முதல் கரண்டி வீட்டுப் புத்தருக்கு, அடுத்தது பிக்குகள் என்கிற புத்தத் துறவிகளுக்கு, அதற்குப் பிறகுதான் வீட்டு ஆட்களுக்கும் எங்களுக்கும். பிக்குகள் வெறும் காலோடு வரிசையாக வருவார்கள், முன்னால் பெரியவர், கடைசியில் ஏழெட்டு வயதுச் சின்னப் பையன்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று ஒவ்வொரு பாத்திரத்திலும் சோறு போட்டுவிட்டுக் குனிந்து கும்பிடுவார். வாங்கிக்கொண்டவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை, கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பதும் இல்லை, பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

முதல் நாள் எனக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்த அம்மாவின் மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், அவளிடம் கேட்டேன். அவர்கள் வந்து வாங்கிக்கொள்வதால்தானே எங்களுக்குப் புண்ணியம் கிடைக்கிறது, அப்படியானால் நாங்கள்தானே கும்பிட வேண்டும் என்றாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள், நான் அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பத்து ரூபாய் கொடுத்தாலும் வாங்குகிறவர் ஒரு கும்பிடு போட வேண்டும் என்று மனசுக்குள் எதிர்பார்க்கிற பழக்கத்தில் வளர்ந்தவள், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். இங்கே மொத்தமும் தலைகீழாக இருக்கிறது. வாங்குகிறவர் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை என்றால் கொடுப்பதன் தன்மையே மாறிவிடுகிறது.

சில நாட்களில் இளஞ்சிவப்பு உடை உடுத்திய பெண் துறவிகள் வருவார்கள், மொட்டைத் தலை, பாடிக்கொண்டே வரும் சின்னச் சிறுமிகளும் கூட. அவர்களுக்குச் சோறு போடுவதில்லை, பச்சரிசி ஒரு கரண்டி, கொஞ்சம் சில்லறை. மடத்துக்குப் போய் அவர்களே பொங்கிச் சாப்பிட வேண்டும். ஆண் பிக்குகளுக்குக் கிடைக்கிற மரியாதையும் காணிக்கையும் இவர்களுக்கு இல்லை. மாண்டலேயில் மகாமுனி புத்தர் மேல் பக்தர்கள் தங்கத் தகடு ஒட்டி ஒட்டிச் சிலையே கட்டிகட்டியாக உருமாறிப் போயிருக்கிறது, ஆனால் பக்கத்தில் போய் ஒட்ட ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. தகடு வாங்கிக்கொடுத்த பெண்கள் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள். வழக்கம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, எந்த ஊரில் நடந்தாலும் சரியாகப் படாது.

பிறந்தநாள் வந்தால் அங்கே பரிசு வாங்கிக்கொள்வதைவிட மடத்தில் பிக்குகளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுவதுதான் முக்கியம். கல்யாண நாள், திதி, புது வீடு, பரீட்சையில் தேர்ச்சி, எதுவானாலும் அப்படித்தான். தானம் முடிந்ததும் ஒரு செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் ஊற்றிக்கொண்டே, கிடைத்த புண்ணியத்தில் எல்லா உயிருக்கும் பங்கு என்று மூன்று முறை சொல்கிறார்கள், சுற்றி இருப்பவர்கள் "சாது, சாது, சாது" (நல்லது, நல்லது, நல்லது) என்கிறார்கள். ஒன்றுமே கொடுக்காமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த எனக்கும் அதில் பங்கு உண்டாம்.

மாண்டலேக்குப் பக்கத்தில் அமரபுராவில் மகாகந்தாயோன் என்ற பெரிய மடம் இருக்கிறது. பிக்குகள் மதியத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது என்பதால் காலை பத்தே கால் வாக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வேளைச் செலவை ஏற்றுக்கொண்ட குடும்பம் நல்ல உடை உடுத்தி, கையால் ஒவ்வொருவருக்கும் பரிமாறும். அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நாள்! ஆனால் வரிசையின் இரண்டு பக்கமும் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் அடைத்துக்கொண்டு நின்று, சின்னப் பிக்குவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கேமராவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கிற நம் வீட்டுப் பிள்ளையை யாராவது இப்படிப் படம் பிடித்தால் விடுவோமா? என்றாவது போகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள், படம் எடுக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அந்த நேரத்தை விட்டுவிட்டு அருகிலேயே ஊபெய்ன் தேக்கு மரப் பாலத்துக்குப் போய்விடுங்கள்.

மரியாதைக்காக அந்த மக்கள் போராடியும் இருக்கிறார்கள். பகோடாவுக்குள் யாராக இருந்தாலும் செருப்பு, ஷூ மட்டுமல்ல, சாக்ஸையும் கழற்ற வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஷூவோடே ஏறிப் போனார்கள். 1919-இல் மாண்டலேயின் எய்ண்டோயா பகோடாவில் அப்படி வந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கி வெளியேற்றினார்கள், வழக்கு நடந்து அந்தப் பிக்குகளுக்குத் தண்டனையும் கிடைத்தது. கடைசியில் உள்ளே வருபவர்கள் எப்படி வர வேண்டும் என்பதை மடத்துத் தலைவர்களே முடிவு செய்யலாம் என்று ஆங்கில அரசு இறங்கி வந்தது. யாங்கோன் ஷ்வேடகோன் பகோடாவில் சுடச்சுடப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சாயங்காலம் அதே தரையை இருபது முப்பது பேர் ஒரே வரிசையாக நின்று துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு போனார்கள். கூலி ஆட்கள் இல்லை, அவரவர் பிறந்த கிழமைக்காக நேரம் கொடுக்க வந்தவர்களாம்.

பிரிட்டனில் இருக்கும் சாரிட்டீஸ் எய்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உலகம் முழுக்க மக்களிடம் மூன்று கேள்வி கேட்டு ஒரு பட்டியல் போட்டுவந்தது. போன மாதம் தெரியாத ஒருவருக்கு உதவினீர்களா, பணம் கொடுத்தீர்களா, உங்கள் நேரத்தைக் கொடுத்தீர்களா என்பவை அந்தக் கேள்விகள். 2014-இல் மியான்மர் (பர்மாவின் இப்போதைய பெயர்) அமெரிக்காவோடு சேர்ந்து முதலிடம், 2015, 2016, 2017 மூன்று வருஷமும் தனியாகவே முதலிடம். பத்தில் ஒன்பது பேர் பணம் கொடுத்ததாகச் சொன்னார்கள். பணக்கார நாடு ஒன்றும் இல்லை, ஆசியாவிலேயே மிக ஏழை நாடுகளில் ஒன்று. காசு மிஞ்சினால்தான் தர்மம் என்று நாம் நினைக்கிறோமே, அது அவ்வளவு சரியில்லை என்று அங்கே தெரிகிறது. சோறு வடிக்கும்போதே ஒரு கரண்டியை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுகிறதா என்ற கேள்வியே வருவதில்லை.

இதெல்லாம் புத்த மதம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பல பத்தாண்டு ராணுவ ஆட்சியில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நிவாரணம் எதற்கும் அரசாங்கத்தை நம்ப முடியாமல் ஜனங்கள் தாங்களே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2001-இல் கியாவ் து என்ற சினிமா நடிகரும் சிலரும் சேர்ந்து யாங்கோனில் இலவச இறுதிச் சடங்குச் சங்கம் தொடங்கினார்கள், எடுத்து அடக்கம் செய்யக் காசில்லாத குடும்பங்களுக்காக. பெரிய நடிகரே சவப்பெட்டியைத் தூக்கினார். மற்ற ஊர்களிலும் அதே மாதிரி சங்கங்கள் முளைத்தன. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இறந்தபோது, ராணுவம் வெளிநாட்டு உதவியைத் தடுத்து வைத்திருந்த அந்த வாரங்களில், சாதாரண ஆட்கள் அரிசி மூட்டையையும் துணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐராவதி ஆற்று டெல்டா கிராமங்களுக்குப் போனார்கள்.

யாங்கோனில் அனவ்ரதா சாலையில் நம் தமிழர்கள் 1871-இல் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர், "வாங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டு உட்கார வைத்துப் பேசினார். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவருடைய பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறி மெட்ராஸ் போய்விட்டது, இவர் அப்பா இருந்துவிட்டார். கைலி, சட்டை, பேச்சுக்கு நடுவே பர்மிய வார்த்தைகள், நெற்றியில் திருநீறு. பர்மியர்களும் வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். கோயில் அன்னதானத்துக்கு அவர்களும் அரிசி கொடுக்கிறார்கள் என்றார் பெரியவர். பெரியப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டதும் இதே நாடுதானே என்று கேட்டேன். "அது கவர்மெண்டும்மா, பக்கத்து வீட்டுக்காரங்க கப்பலுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாங்க" என்றார்.

ஆனால் எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மேல் போட்டுவிட முடியாது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேல் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் ராணுவத்துக்குப் பயந்து வங்கதேசத்துக்கு ஓடியபோது, அதைச் சரி என்று பேசிய பிக்குகளும் இருந்தார்கள், அந்தப் பிக்குகளுக்கு அதே கையால் சோறு போட்டவர்களும் இருந்தார்கள். விடுதியில் இந்தப் பேச்சை எடுத்தேன், அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். முன்பின் தெரியாத எனக்குப் புண்ணியத்தில் பங்கு கொடுத்தவர்களுக்கு அந்த மக்கள் மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

2021-இல் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே உள்நாட்டுப் போர். இப்போது போகச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன். 2025 மார்ச் 28-இல் 7.7 அளவு நிலநடுக்கம் மாண்டலே, சகாயிங் பக்கத்தைப் புரட்டிப்போட்டது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விடுதி அம்மாவின் மகளுக்குச் செய்தி அனுப்பினேன், பதில் வரச் சில நாள் ஆனது. உயிரோடு இருக்கிறோம், சுவரில் விரிசல், எல்லாரும் தெருவில் படுக்கிறோம் என்று எழுதியிருந்தாள். பணம் அனுப்பட்டுமா என்றதற்கு, எங்களுக்கு வேண்டாம், தெருமுனையில் பொதுவாகச் சமைக்கிறோம், அதற்குத் தா என்றாள். தாய்லாந்தில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி வழியாக அனுப்பினேன். அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, முட்டை இவ்வளவு என்று கையால் எழுதிய கணக்கைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, கூடவே ஒன்று கேட்டிருந்தாள்: யார் யார் பெயரில் புண்ணியம் எழுத வேண்டும், அம்மா அப்பா பெயரைச் சொல்லு, அப்புறம் உன் ஊரில் இறந்துபோனவர்கள் பெயரையும் சொல்லு.